டாலரன்ஸை எழுத வேண்டியது யார்?

திருப்பூரில் சாய லாட்டின் ஷேடு பார்க்கும் மென்பொருளும் பீஸ் ரேட்டுக்குச் சம்பளம் போடும் மென்பொருளும் நீண்ட காலம் இன்டெல் வகைக் கணினிகளில்தான் ஓடின. இன்று அதே வகை நிரல்கள் கைபேசியிலும், ஆப்பிளின் எம் வரிசை மடிக்கணினியிலும், வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரிலும் ஓட வேண்டியிருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குள் இருப்பவை ஆர்ம் பிராசசர்கள். இடம் மாற்றிய உடனே பழைய சோதனைகளில் சில தோற்கின்றன: எதிர்பார்த்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் பதினாறாவது இலக்கத்தில் ஒரு வித்தியாசம். இதற்கு மென்பொருள் எழுதுவோரிடம் ஒரு தயார் விடை இருக்கிறது. மிதவைப்புள்ளி எண் என்றாலே அப்படித்தான், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், டாலரன்ஸை, அதாவது ஏற்கும் வித்தியாசத்தின் எல்லையை, கூட்டிவிட்டால் போதும் என்பதே அது. சோதனை தேறிப் பச்சையாகும்வரை கூட்டுவது அனுபவசாலிகள் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் நடைமுறை ஞானமாகவே நிலைத்துவிட்டது. இந்த ஞானம் தவறானது என்பதே என் வாதம். டாலரன்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் எண் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்து முன்கூட்டியே எழுத வேண்டியதை, தோற்றுப்போன சோதனையைப் பார்த்துப் பின்னால் எழுதுகிறார்கள். அப்படி எழுதியதும் அந்தச் சோதனை எதையும் காப்பதில்லை.

முதலில், மிதவைப்புள்ளிக் கணக்கு இயல்பிலேயே நிச்சயமற்றது என்ற நம்பிக்கையைப் பார்க்க வேண்டும். 1970களில் அது உண்மைதான். ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தை ஒழிக்கவே பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹான் போன்றோர் உழைத்தார்கள். 1980இல் இன்டெலின் 8087 சிப் வந்தது, 1985இல் ஐ.இ.இ.இ. 754 தரநிலை வந்தது, 1989இல் கஹானுக்கு டூரிங் விருது கிடைத்தது. அந்தத் தரநிலை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்துக்கும் ஒரே விதியை வைத்தது: வேறு முறை கேட்காதவரை, உண்மையான விடைக்கு மிக அருகில் உள்ள எண்ணாக ரவுண்டு செய்ய வேண்டும். ஆகவே இந்த ஐந்தையும் ஒரே வரிசையில், ஒரே துல்லியத்தில் செய்தால் இன்டெலும் ஆர்மும் கடைசி பிட்வரை ஒரே விடையைத் தந்தாக வேண்டும், தருகின்றன. விடை மாறுகிறது என்றால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள். அந்தக் காரணங்களின் பட்டியலும் நீளமானதல்ல.

பழைய 32 பிட் இன்டெல் நிரல்கள் 80 பிட் அகலத்தில் இடைக்கணக்கைச் செய்து, நினைவகத்தில் வைக்கும்போது 64 பிட்டாகச் சுருக்கின. ஜிசிசி கம்பைலரின் புகார்ப் பட்டியலில் 323ஆம் எண்ணாக இது பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. இன்று அதிகம் தென்படும் காரணம் வேறு. பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையில் செய்து, இடையில் ரவுண்டு செய்யாமல் முடிவில் ஒருமுறை மட்டும் ரவுண்டு செய்யும் வசதியை 2008ஆம் ஆண்டுத் திருத்தம் தரநிலைக்குள் கொண்டுவந்தது. 64 பிட் ஆர்மில் இந்தக் கட்டளை அடிப்படையிலேயே உண்டு. ஜிசிசி அதைக் கேட்காமலே பயன்படுத்திக்கொள்கிறது. இன்டெல் வகையின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் அது கிடையாது, தனியாகக் கேட்டால்தான் வரும். இதைத் தவிர சைன், கொசைன், லாகரிதம் போன்ற சார்புகளுக்குத் தரநிலை கடைசி பிட்வரை கட்டாயம் விதிக்கவில்லை. எனவே ஒவ்வொரு இயங்குதளத்தின் கணித லைப்ரரியும் சற்றே வேறு விடை தரலாம். வேகத்துக்காகக் கூட்டல் வரிசையை மாற்றுவதும் ஒரு காரணம். பிராசசர்மீது சுமத்தும் பழியில் பெரும்பகுதி கம்பைலருக்கும் லைப்ரரிக்கும் சேர வேண்டியது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஜாவா மொழி 1998இல் சில சிப்புகளுக்காக இந்த விஷயத்தில் தளர்வு கொடுத்துவிட்டு, 2021இல் வந்த 17ஆம் பதிப்பில் அதைத் திரும்பப் பெற்றது. மாற்றவே முடியாத இயற்கை விதியாக இருந்திருந்தால் அப்படித் திரும்பப் பெற்றிருக்க முடியாது.

கடைசி இலக்கம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, திருப்பூரின் எல்லாச் சம்பள அலுவலகங்களுக்கும் தெரிந்த ஒரு கணக்கையே காட்டலாம். 2019 ஜூலை முதல் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம். பைசா வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு இது சரியாக 390 ரூபாய். 390 கட்டியாகிவிட்டது, இன்னும் பாக்கி உண்டா என்று நிரல் பார்க்கிறது: சம்பளத்தை 0.0325ஆல் பெருக்கி, 390ஐக் கழிக்கிறது. 0.0325ஐ இரும முறையில் முழுமையாக எழுத முடியாது; 64 பிட்டில் கணினி வைத்திருப்பது அதைவிடத் துளி அதிகமான ஓர் எண். பெருக்கலைத் தனியாகச் செய்யும் இன்டெல் நிரலில் அந்தத் துளி ரவுண்டு ஆகிப்போய் 390 என்றே வருகிறது, மீதி பூஜ்யம். பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாக்கும் ஆர்ம் நிரலில் அந்தத் துளி தப்பிவந்து மீதி 0.0000000000000133 என்று நிற்கிறது. இதன்மேல் அடுத்த ரூபாய்க்கு ஏற்றும் விதி செயல்பட்டால் பாக்கி 1 ரூபாய். சோதனை மீதியை மட்டும் ஒப்பிட்டால், பூஜ்யத்தையும் இந்த எண்ணையும் ரூபாய் அளவில் வைத்த எந்த நியாயமான டாலரன்ஸும் ஒன்று என்றே சொல்லும். சோதனை பச்சை, கணக்கு தவறு. ஒரு ரூபாய்தானே என்று விடுபவர்கள் ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் செலான் தொகையும் பதிவேடும் பொருந்தாமல் போகும்போது என்ன செய்வார்கள்? இங்கே தீர்வு டாலரன்ஸில் இல்லை. சம்பளத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைத்து, 325ஆல் பெருக்கி 10,000ஆல் வகுத்தால் எல்லாப் பிராசசரிலும் ஒரே விடை வரும். பணக் கணக்குக்கு மிதவைப்புள்ளியே கூடாது. அதன் சோதனையில் டாலரன்ஸ் என்ற சொல்லே வரக் கூடாது.

அடுத்த வாதம் கொஞ்சம் வலிமையானது. பணத்தை விடுங்கள், அளவைக் கணக்குகளில் இலக்கங்கள் ஏழெட்டு ஒத்துப்போனால் போதாதா? இதற்குச் சரித்திரமே பதில் சொல்லியிருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்த்த பென்டியம் கணினியின் விடை பழைய கணினிகளின் விடையோடு பொருந்தவில்லை. நிரலிலா, கம்பைலரிலா, மதர்போர்டிலா என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு வந்து, குற்றம் சிப்பின் வகுத்தல் பகுதியில் என்று கண்டார். 824633702441 என்ற எண்ணை அதன் தலைகீழால் பெருக்கினால் 1 வர வேண்டிய இடத்தில் அந்தச் சிப் ஏறத்தாழ 0.9999999963 என்றது. நூறு கோடியில் ஏறக்குறைய நான்கு பங்கு பிழை. பைதான் உலகில் இன்று அதிகம் பயன்படும் பைடெஸ்ட் கருவியின் இயல்பு டாலரன்ஸ் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நம்பை லைப்ரரியின் ஒப்பீட்டுக் கருவிக்குக் கோடியில் ஒரு பங்கு. இரண்டும் நைஸ்லியின் எண்ணைச் சரி என்று தாண்டவிட்டிருக்கும். பிறகு பிரபலமான 4195835ஐ 3145727ஆல் வகுக்கும் கணக்கில் 1.33382 வர வேண்டிய இடத்தில் 1.33374 வந்தது, சோதனை பச்சையாகும்வரை டாலரன்ஸைக் கூட்டுபவர் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் நிறுத்தியிருந்தால் அதுவும் தேறியிருக்கும். சாதாரணப் பயனருக்கு இந்தப் பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தட்டுப்படும் என்று இன்டெல் முதலில் சொன்னது. கடைசியில் சிப்புகளை மாற்றித்தர 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. இரண்டு பிராசசர்களின் விடைகளை ஒப்பிடுவதால் கிடைக்கும் பெரும் பயனே இதுதான். வித்தியாசத்தைப் பார்த்ததும் மூடிவிடும் பழக்கம் அந்தப் பயனை முதலிலேயே தூக்கி எறிகிறது.

பைடெஸ்டில் ஓர் எண், நம்பையில் ஓர் எண், பைதானின் சொந்தக் கணித ஒப்பீட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு, கூகுள்டெஸ்டில் கடைசி இலக்கத்தின் நான்கு அலகுகள். இவை எல்லாம் கருவி செய்தவர்கள் எதையாவது போட்டாக வேண்டுமே என்று போட்ட எண்கள். அவர்களுக்கு உங்கள் எண் கிராம் கணக்கா, ரூபாயா, நிற வித்தியாசமா என்பது தெரியாது. ஏற்றுமதி ஆர்டரோடு வரும் மெஷர்மென்ட் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் அளவுப் புள்ளிக்கும் தனித்தனி டாலரன்ஸ் இருக்கும். மார்பளவுக்கு விடுவதைக் காலர் அகலத்துக்கு விடமாட்டார்கள். குழந்தைகள் பனியனின் கழுத்து விரிவுக்குக் கீழ் எல்லை மட்டும் இருக்கும், ஏனென்றால் தலை நுழைய வேண்டும். இவை எல்லாம் கட்டிங்குக்கு முன்பே எழுதப்பட்டவை. அந்த அளவு உடலில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து வந்தவை. தைத்து முடித்த பனியனை அளந்துவிட்டு அதற்கேற்ற டாலரன்ஸை எழுதிக்கொள்ளும் உரிமை தரம் பார்க்கும் எந்த க்யூசிக்கும் கிடையாது. இந்த ஊரில் துணிக்கு ஒருவரும் ஒப்புக்கொள்ளாததை மென்பொருளுக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

ஷேடு விஷயத்தில் ஒரு மறுப்பு எழும், அதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே ஒரே துணியை இரண்டு முறை வைத்தால் நூறில் சில பங்கு மாறிக் காட்டும். இரண்டு கருவிகளுக்கு இடையே வித்தியாசம் அதைவிட அதிகம். துணியின் ஈரம், மடிப்பு, வைத்த திசை எல்லாம் எண்ணை மாற்றும். அப்படியிருக்க மென்பொருள் சோதனைக்கு 0.01 டாலரன்ஸ் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பதே அந்த மறுப்பு. குறைவது இது: கருவியின் பிழைக்கு ஒதுக்கிய இடத்தில் நிரலின் பிழையும் குடியேறிவிடுகிறது. டி65 என்ற தரப்படுத்திய பகலொளியில் பத்து டிகிரிப் பார்வைக்கான வெண்மைப் புள்ளியின் மூன்றாம் மதிப்பு ஓர் அட்டவணையில் 107.304 என்றும் இன்னொன்றில் 107.32 என்றும் புழங்குகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்தால் வெள்ளைத் துணியின் மஞ்சள்-நீல அச்சு மதிப்பு ஏறத்தாழ 0.0099 நகரும். 0.01 டாலரன்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே மென்பொருளில் கணக்கிடப்பட்டால் இந்த நகர்வு பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பையர் அனுப்பிய ஸ்டாண்டர்டு வேறொரு மென்பொருள் தந்த எண்ணாக வந்தால் கழியாது. இதே கணக்கில் பிராசசர் மாறுவதால் வரும் வித்தியாசம் 64 பிட்டில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உண்மையான பிழைக்கும் பிராசசர் வித்தியாசத்துக்கும் நடுவே இவ்வளவு வெற்றிடம் இருக்கும்போது, டாலரன்ஸை நூறு கோடியில் ஒரு பங்கில் வைத்தாலே இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும். 0.01 வரை போகக் காரணமே இல்லை.

நிற வித்தியாசக் கணக்கில் இன்னும் கூர்மையான ஒரு சான்று இருக்கிறது. 2001இல் வெளியான சிஐஇடிஇ2000 சூத்திரத்தை நிரலாக எழுதுவோருக்காக, கௌரவ் சர்மா, வென்செங் வூ, எடுல் தலால் ஆகியோர் 2005இல் 34 இணை நிறங்களையும் அவற்றின் சரியான விடைகளையும் வெளியிட்டார்கள். அவற்றில் சில இணைகள் நிற வட்டத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரே, 180 டிகிரியில் நிற்பவை. இரண்டு கோணங்களின் சராசரியை வட்டத்தின் எந்தப் பக்கம் எடுப்பது என்பதை அந்த 180தான் தீர்மானிக்கிறது. ஓர் இணைக்கு விடை 7.1792, இரண்டாம் நிறத்தின் ஒரு மதிப்பை 0.0010இலிருந்து 0.0011ஆக நகர்த்தினால் விடை 7.2195க்குத் தாவுகிறது. சரியாக எல்லையில் நிற்கும் இணையில், கோணம் கண்டுபிடிக்கும் லைப்ரரிச் சார்பு கடைசி பிட்டில் மேலே போனாலே அந்தத் தாவல் நிகழக்கூடும். ஓர் இயங்குதளத்தில் 7.1792, இன்னொன்றில் 7.2195. டாலரன்ஸை 0.05 ஆக்கினால் சோதனை பச்சையாகும்; ஆனால் 7.19, 7.20, 7.21 என்று எந்த இயங்குதளமும் தரக்கூடாத விடைகளையும் அது சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். இங்கே சாத்தியமான விடைகள் இரண்டே, நடுவில் இருப்பவை எல்லாம் தவறு. நல்ல சோதனை அந்த இரண்டையும் நான்கு தசம இடம்வரை தனித்தனியாக எழுதிவைத்து, வேறு எது வந்தாலும் தோற்க வேண்டும். இது ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ள முடியாது. நிறச் செறிவு குறைந்த நடுநிலை ஷேடுகளில், சற்றே நீலம் சாய்ந்த ஒரு கிரே மெலாஞ்சும் சற்றே மஞ்சள் சாய்ந்த இன்னொன்றும் இப்படி எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பது இயல்பாகவே நடக்கக்கூடியது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்க்கரைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படியானால் எல்லா இயங்குதளத்திலும் பிட் மாறாத விடையையே கேட்போம், டாலரன்ஸே வேண்டாம் என்பார்கள். சில கணக்குகளுக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருத்தினால் அதுவும் எண்ணின் வேலையைப் பார்க்காத முடிவுதான். சாய ரெசிப்பி கணக்கிடும் நிரலை எடுத்துக்கொள்வோம். 1931இல் குபெல்காவும் முங்கும் தந்த சூத்திரத்தின் வழியே, மஞ்சள், சிவப்பு, நீலச் சாயம் எத்தனை சதவீதம் என்று அது படிப்படியாகத் திருத்திக்கொண்டே போய், நிற வித்தியாசம் போதிய அளவு குறைந்ததும் நிற்கிறது. சேர்க்கையில் உள்ள இரண்டு சாயங்களின் நிறம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தாலும் துணியில் ஏறத்தாழ அதே ஷேடுதான் விழும். அங்கே கடைசி பிட் வித்தியாசம் ஒரு சுற்று முன்னதாகவோ பின்னதாகவோ நிறுத்தி, ரெசிப்பி எண்ணின் மூன்றாம் தசமத்தையே மாற்றிவிடலாம். இரண்டு ரெசிப்பியும் சரியானவை. இந்த இடத்தில் ரெசிப்பி எண்ணை ஒப்பிடுவதே தவறு. பிட் பிட்டாக ஒப்பிட்டாலும் தவறு, டாலரன்ஸோடு ஒப்பிட்டாலும் தவறு. அந்த ரெசிப்பியைச் சூத்திரத்தில் திரும்பப் போட்டு, வரும் ஷேடு இலக்குக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. எண்முறைக் கணிதத்தில் ஜேம்ஸ் வில்கின்சன் காலத்திலிருந்தே தெரிந்த பாடம் இது: விடை எவ்வளவு நெருக்கம் என்று கேட்பதும், விடை கேள்வியை எவ்வளவு நிறைவு செய்கிறது என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள்.

பாஸ், ஃபெயில் எல்லை தனிச் சிக்கல். நிற வித்தியாசம் 1.0க்கு மேல் போனால் லாட் திரும்பும் என்று வைத்துக்கொண்டால், 0.9999999999999 ஓர் இயங்குதளத்திலும் 1.0000000000001 இன்னொன்றிலும் வரும் நாள் வரலாம். இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்துவிட்டு ஒப்பிட்டாலும் எல்லை 1.005க்கு இடம்பெயருமே தவிர மறையாது. இதற்கு மென்பொருளாளர் தன்னிச்சையாக ஒரு முடிவெடுக்க முடியாது. எத்தனை தசமம், எல்லையில் நிற்பது எந்தப் பக்கம் என்பது பையரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். சோதனை அந்த எழுத்தைத்தான் சரிபார்க்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, திரும்பிவந்த ஒரு லாட்டை மறுபடி சாயமேற்றுவது உப்பும் நீரும் சார்ந்த செலவு மட்டுமல்ல. அந்தத் தண்ணீர் முழுவதையும் சுத்திகரித்து ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் செலவும் சேர்ந்தது. நொய்யல் ஆற்றுக்காகக் கொடுக்கும் அந்த விலை நியாயமானது. அதை ஒரு லைப்ரரியின் கடைசி பிட் முடிவுசெய்வது நியாயமல்ல.

கடைசியாக, காசு. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் கடை எண்முறைக் கணித நிபுணரை எங்கே போய்த் தேடும், அதற்குள் டெலிவரி தேதி போய்விடுமே என்பார்கள். நிபுணர் தேவைப்படும் கணக்குகள் உண்டு. ஆனால் முதல் படிக்குத் தேவையில்லை. பெருக்கிக் கூட்டும் கட்டளையை நிறுத்திவைக்கும் கம்பைலர் தேர்வு ஒரு சொல்தான். அதைப் போட்டு ஆர்மில் மறுபடி ஓட்டிப் பார்த்தால், வித்தியாசம் மறைந்ததா இல்லையா என்பது அந்த மதியத்துக்குள் தெரிந்துவிடும். மறைந்தால் காரணம் கிடைத்தாயிற்று. மறையவில்லை என்றால் கணித லைப்ரரிச் சார்புகளின் விடைகளை இரண்டு இயங்குதளத்திலும் அச்சிட்டு ஒப்பிடலாம், அடுத்துக் கூட்டல் வரிசையைப் பார்க்கலாம். காரணம் தெரிந்த பிறகு டாலரன்ஸ் எழுதினால், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே நிரலில் ஒரு வரி இருக்கட்டும்: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதிகபட்சம் எவ்வளவு, இந்த எண்ணை நம்பி எந்த முடிவு எடுக்கப்படுகிறது. அந்த வரியை எழுத முடியாத நிலையில் டாலரன்ஸைத் தொடக் கூடாது. சோதனை சிவப்பாகவே இருக்கட்டும். அந்தச் சிவப்போடு டெலிவரி கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நிரலாளர் தனியாக முடிவுசெய்யத் தேவையில்லை. சாய மாஸ்டரும் கணக்குப் பிரிவும் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.